யாரை நம்பி?



உடல்நலத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். நான் டாக்டர் இல்லை. தீவு தீவாக மாற்றலாகிப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். உப்பைக் குறையுங்கள், காலையில் நடங்கள் என்று சொல்ல இந்த ஊரில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது வேறொன்று. மனிதன் மனிதனை நம்புவதற்கும் அவன் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? அக்கம்பக்கத்தை நம்பி வாழ்கிறவனுக்கு நோய் குறையுமா? ஆஸ்பத்திரியை நம்பாத ஊரில் ஊசி மருந்து வேலை செய்யுமா? அதுதான் இன்றைக்கு என் தலைப்பு. அதைப் பேசுவதற்கு அந்தமான் நிக்கோபாரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டாம், மனசுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணி. நெஞ்சைப் பிடிக்கிறது. வீட்டில் வேறு ஆள் இல்லை. யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? சிலருக்குப் பெயர் சட்டென்று வந்திருக்கும். சிலர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அந்தப் பெயர் உடனே வருகிறதா, யோசித்த பிறகு வருகிறதா, வரவே இல்லையா என்பது உங்கள் ஆயுளோடு சம்பந்தப்பட்ட விஷயம். இதை நான் மேடை அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. இந்த மண்ணிலேயே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலை ஆறரை மணிக்கு நிலம் ஆடியது; பின்னாலேயே சுனாமி வந்தது. இங்கே இருக்கிற பாதிப்பேருக்கு அந்தக் காலை நினைவிருக்கும். கச்சாலில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய நம் குடும்பங்கள் எத்தனை பேரைப் பறிகொடுத்தன! இந்தத் தீவுகள் முழுவதிலும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கார் நிக்கோபாரில் கரையை ஒட்டி இருந்த மலாக்கா போன்ற கிராமங்கள் இருந்த இடம் தெரியாமல் போயின.

அடுத்த சில வாரங்களில் பெங்களூரிலிருந்து நிம்ஹான்ஸ் மருத்துவக் குழு வந்தது. மனநல மருத்துவத்தில் நாட்டின் முதன்மையான நிறுவனம் அது. முகாம் முகாமாகப் போனார்கள். இங்கே போர்ட் பிளேரில் 12 முகாம்கள். தெற்கே இருந்த தங்கள் தீவுகளை விட்டுக் கப்பலிலும் விமானத்திலும் கொண்டுவரப்பட்ட 4,684 பேர் அவற்றில் இருந்தார்கள். கார் நிக்கோபாரில் 62 முகாம்கள். தங்கள் தீவை விட்டு வராத 8,100 பேர் அங்கே இருந்தார்கள். கடல் இரு தரப்பாரையும் அடித்தது. இரு தரப்பாரும் பிள்ளைகளை இழந்தவர்கள், வீட்டை இழந்தவர்கள். இப்போது சொல்லுங்கள், எந்த முகாமில் மனநோய் குறைவாக இருந்திருக்கும்?

போர்ட் பிளேரில் பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. கரண்டு இருந்தது. கடை இருந்தது. தண்ணீர் லாரி வந்தது. கார் நிக்கோபாரிலோ இடிந்த ஜெட்டியும், உப்பேறிய கிணறும், காட்டுக்குள் தார்ப்பாய்க் கூடாரமும்தான். வசதியை வைத்துக் கணக்குப் போட்டால் போர்ட் பிளேர் முகாமில்தான் நோய் குறைந்திருக்க வேண்டும். ஆனால் சிகிச்சை நாடி வந்தவர்களைப் பரிசோதித்துப் போட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. இடம்பெயர்ந்து வந்தவர்களில் 5.2 சதவீதம் பேருக்கு மனநோய். சொந்தத் தீவிலேயே இருந்தவர்களில் 2.8 சதவீதம். ஏறக்குறையப் பாதி!

இந்தக் கணக்கை நான் பல தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். உதவி தேடி வந்தவர்களை மட்டும் எண்ணியது அது. வராமல் உள்ளுக்குள் புழுங்கியவர்கள் கணக்கில் இல்லை. மன அழுத்தமும் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் நோயும் இரு பக்கமும் ஒரே அளவில்தான் இருந்தன. பதற்றமும், திடீர் திடீரென்று பிடிக்கும் பீதியும், காரணம் தெரியாத உடம்பு வலியும்தான் இங்கே வந்தவர்களிடம் அதிகம். அதையெல்லாம் கழித்துக்கொண்ட பிறகும் கேள்வி நிற்கிறது. கூரை இல்லாதவனுக்கு இருந்த தெம்பு, கூரைக்குக் கீழே இருந்தவனுக்கு ஏன் இல்லை? அவன் யாரை நம்பி இருந்தான்? இவன் யாரை நம்பி இருந்தான்?

கார் நிக்கோபாரில் துஹேத் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு மூதாதையின் வழியில் வந்த பல குடும்பங்கள் சேர்ந்து ஒரு துஹேத். நிலம் துஹேத்துக்கு. தென்னை துஹேத்துக்கு. பன்றிகள் துஹேத்துக்கு. தலைவர் ஒருவர் பொறுப்பாக இருந்து பார்த்துக்கொள்வார். யாரும் தனக்கென்று விற்றுத் தின்ன முடியாது. துஹேத்துகளுக்கு மேலே கிராமத்துக் கேப்டன். கேப்டன்களுக்கு மேலே பழங்குடிக் குழு. அங்கே ஒருவர் படுத்துவிட்டால் யார் சமைப்பது, குழந்தையை யார் பார்ப்பது, கைச்செலவுக்கு யாரிடம் கேட்பது என்ற கேள்வியே எழாது. கேட்காமலே நடக்கும். கேட்க வேண்டியதில்லை என்கிற அந்த நிம்மதி இருக்கிறதே, அதற்கு எந்தக் கடையில் மாத்திரை விற்கிறார்கள்?

சுனாமிக்குப் பிறகும் அந்தக் கட்டுக்கோப்பு நின்றது. கிராமம் கிராமமாகவே மேட்டுக்கு ஏறினார்கள், கிராமம் கிராமமாகவே தங்கினார்கள். வந்த அரிசியைக் கேப்டன்கள் பொறுப்பேற்றுப் பங்கிட்டார்கள். இறந்தவர்களுக்காகச் சேர்ந்து அழுதார்கள், சேர்ந்து ஜெபித்தார்கள். கூட்டுக் குடும்பமும், மத நம்பிக்கையும், ஒட்டி வாழ்கிற சமூகமும் அந்த மக்களைத் தாங்கின என்று அந்த மருத்துவர்களே பதிவு செய்தார்கள். போர்ட் பிளேர் முகாமிலோ வரிசையில் யார் முன்னால் நிற்கிறார் என்றே தெரியாது. கூடத்துக்குள் அடுத்த பாயில் படுத்திருப்பவர் எந்தத் தீவு, எந்த மொழி என்று தெரியாது. காது கேட்கும் தூரத்தில் நூறு பேர் இருந்தும் சொல்லி அழ ஆள் இல்லை.

நிம்ஹான்ஸ்காரர்கள் அதோடு நிற்கவில்லை. மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உள்ளூர் ஆசிரியர்களையும் அங்கன்வாடி ஊழியர்களையும் கூட்டிவைத்து, துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். வந்த டாக்டர் ஒருநாள் திரும்பிப் போவார், ஊரில் இருப்பவர் இருப்பார் என்பதே அதன் பொருள்.

அன்பர்களே, கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் மகிழ்ச்சியோடு உட்கார்ந்திருப்பேன். அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். நிவாரணம் வந்தது. நல்லெண்ணத்தோடு வந்தது, ஏராளமாகவும் வந்தது. ஆனால் விண்ணப்பப் படிவத்தில் துஹேத் என்று ஒரு கட்டம் இல்லை. கணவன் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள் எத்தனை என்றுதான் இருந்தது. பணம் தனித்தனிக் குடும்பத்தின் பெயரில் வந்தது. தகரக் கொட்டகைகள் தனித்தனிக் குடும்பத்துக்கு என்று வரிசையாகக் கட்டப்பட்டன. பின்னால் வந்த நிரந்தர வீடுகளும் அப்படியே. காலங்காலமாகப் பொதுவில் வைத்து உண்டவர்கள் கையில் முதல் தடவையாக 'என் பணம்' வந்தது. பணத்தோடு பைக் வந்தது, டிவி வந்தது, பாக்கெட் தின்பண்டம் வந்தது, சாராயமும் வந்தது. வெளியிலிருந்து வந்த உதவியே அந்தச் சமூகத்தின் கட்டுமானத்தைக் குலைத்தது என்று, அந்தத் தீவுகளில் நீண்டகாலம் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங் தொடர்ந்து எழுதினார். கடலால் முறிக்க முடியாததை ஒரு படிவம் முறித்துவிட்டது. இன்றைக்குக் கார் நிக்கோபாரில் சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் குடியையும் பற்றிப் பேசுகிறோம். சாப்பாடு மாறியது ஒரு காரணம். யாரோடு சேர்ந்து சாப்பிட்டார்கள் என்பது மாறியதும் ஒரு காரணம் என்பேன் நான்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? சுருக்கமாகச் சொல்கிறேன். ஆபத்து என்று மனசு நினைத்ததும் உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. அட்ரினலினும் கார்ட்டிசாலும் சுரக்கின்றன. இதயத் துடிப்பு ஏறுகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஆபத்து போனதும் இறங்க வேண்டும். ஆனால் சுற்றிலும் யாரையும் நம்ப முடியாதவனுக்கு ஆபத்து எப்போது போகும்? வீட்டுக்காரர் எப்போது காலி பண்ணச் சொல்வாரோ, கூட வேலை செய்கிறவன் எப்போது கோள் சொல்வானோ என்று இருபத்து நாலு மணி நேரமும் காவல் காக்கிற உடம்பு அது. தூக்கம் போகும், அழுத்தம் இறங்காது, நோயோடு போராடும் சக்தி குறையும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் அலமீடா வட்டாரத்தில் 1965இல் ஏறத்தாழ 7,000 பேரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். உறவும் நட்பும் குறைவாக இருந்தவர்கள், அவை நிறைந்திருந்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக இறந்தார்கள் என்று லிசா பெர்க்மனும் லெனார்ட் சைமும் 1979இல் வெளியிட்டார்கள். புகை, குடி, உடல் பருமன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் போகவில்லை.

நம் வள்ளுவர் இதை மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவர். அந்த நான்காமவர் இல்லாமல் மற்ற மூன்றும் முழுமை பெறுவதில்லை. இன்று எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் நர்ஸ் முதலில் கேட்பது என்ன? "கூட யார் இருக்கீங்க?"

இதுவரை அக்கம்பக்கத்து நம்பிக்கையைப் பேசினேன். இனி அதைவிடக் கடினமான ஒன்றைப் பேச வேண்டும். வைத்தியம் பார்க்க வருகிறவனை நோயாளி ஏன் நம்ப வேண்டும்? யாரை நம்பி ஒருவன் தன் உடம்பை இன்னொருவன் கையில் கொடுப்பான்? நம்பியவர்களுக்கு இந்தத் தீவில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க மாட்டார்கள்.

1863இல் ராஸ் தீவில் ஆங்கிலேயர்கள் அந்தமான் இல்லம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பாதிரியார் கார்பின் பொறுப்பில் தொடங்கியது. காட்டிலிருந்த பெரிய அந்தமானியர்களை அழைத்து வந்து, உணவும் உடையும் புகையிலையும் கொடுத்துப் பழக்கினார்கள். அவர்கள் நம்பி வந்தார்கள். வந்த இடத்தில் மேகநோய் பிடித்தது. 1877இல் தட்டம்மை வந்தது. பெரிய அந்தமானில் இருந்தவர்களில் பாதிக்கும் மேலானவர்களை அது கொண்டுபோயிருக்கும் என்று அதிகாரியாக இருந்த போர்ட்மேனே பின்னாளில் எழுதினார். சில ஆயிரம் பேர் இருந்த இனம் 1901 கணக்கெடுப்பில் 625. 1961இல் 19. பத்தொன்பது பேர்!

அதே போர்ட்மேன் 1880இல் வட சென்டினல் தீவுக்குப் போனார். வயதான கணவன் மனைவியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். ஆறு பேரும் நோயில் விழுந்தார்கள். பெரியவர்கள் இருவரும் இறந்துபோனார்கள். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களோடு திருப்பிக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் குழந்தைகள் எந்த நோயைச் சுமந்துகொண்டு கரை இறங்கினார்களோ, யாருக்குத் தெரியும்? இன்றைக்கும் சென்டினல் மக்கள் வெளியாளைக் கண்டால் அம்பெய்கிறார்கள். காட்டுமிராண்டிகள் என்கிறார்கள் சிலர். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் உயிரோடு இருப்பதற்கு அந்த நம்பாமையும் ஒரு காரணம். நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த நமக்கு உரிமை கிடையாது. நம்பத் தகுந்தவராக நாம் நடந்துகொண்டோமா என்பதே முதல் கேள்வி.

இப்போது கதம்தலாவுக்கு வாருங்கள். மத்திய அந்தமானில் ஜாரவா பழங்குடிகளின் காட்டு ஓரத்தில் இருக்கிற ஊர். ஜாரவாக்களுக்கும் குடியேறியவர்களுக்கும் அம்பும் துப்பாக்கியுமாகத்தான் வெகுகாலம் உறவு. 1996இல் கால் எலும்பு முறிந்து கிடந்த ஒரு ஜாரவா இளைஞனை எடுத்துவந்து, போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் பல மாதம் வைத்துக் குணமாக்கித் திருப்பி அனுப்பினார்கள். 1997 அக்டோபரில் ஜாரவாக்கள் ஆயுதம் இல்லாமல் காட்டை விட்டு வெளியே வந்தார்கள். அந்த ஒரு கால் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சாலை அவர்கள் காட்டைப் பிளந்துகொண்டு ஓடியது, வேட்டைக்காரர்கள் புகுந்தார்கள், காரணங்கள் பல. ஆனால் எதிரிகள் என்று நினைத்தவர்கள் நடுவே போன பையன் நடக்கிற காலோடு திரும்பி வந்ததை அவன் சனம் பார்த்தது.

வெளியே வந்ததற்கு விலை இல்லாமல் போகவில்லை. 1999இல் தட்டம்மை வந்தது. அதே தட்டம்மை! நம்மிடமிருந்துதான் போனது. 1877 திரும்ப நடக்கப் போகிறது என்று பயந்தவர்கள் உண்டு. ஆனால் இந்தத் தடவை கதம்தலா ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தன் சந்திர கர் இருந்தார். 1998 முதல் ஜாரவாக்களிடையே வேலை பார்த்தவர். அவர்கள் குடியிருப்புக்கே போய்ப் பழகியவர். காய்ச்சலும் நிமோனியாவுமாகப் படுத்தவர்கள் அவரிடம் வந்தார்கள். வந்தவர்களைத் தனி வார்டில் வைத்துப் பார்த்தார்கள். அந்த இனம் அழியவில்லை. 2001 கணக்கெடுப்பில் 240 பேர். 2011இல் 380 பேர். டாக்டர் கர் அவர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மருந்துதானே காப்பாற்றியது என்று கேட்பீர்கள். ஆமாம், மருந்துதான். 1877இல் ஆன்டிபயாட்டிக் கிடையாது, 1999இல் இருந்தது. ஆனால் ஊசி போட ஒருவன் கையை நீட்ட வேண்டாமா? அந்தக் கை நீள்வதற்கு எந்த மருந்துக் கம்பெனியும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உண்மையான மருத்துவர் அவர்களை ஆஸ்பத்திரிக்குப் பழக்கப்படுத்த மாட்டார்; குணமானதும் காட்டுக்கே அனுப்பிவைப்பார். ஜாரவாக்கள் வாழ்வில் தலையீட்டைக் குறைப்பது என்றுதான் 2004இல் அரசும் கொள்கை வகுத்தது. விலகி நிற்கத் தெரிந்தவரைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

சாந்தி தெரேசா லக்ரா என்ற பெயரை இங்கே பலரும் கேட்டிருப்பீர்கள். நம் தீவுப் பெண். ராஞ்சிக்காரர்கள் என்று நாம் அழைக்கிற மக்களைச் சேர்ந்தவர். கிராம சுகாதார நர்ஸ். சின்ன அந்தமானில் டூகாங் கிரீக் என்ற இடத்தில், ஏறத்தாழ நூறு பேர் மட்டுமே இருந்த ஓங்கே மக்களிடையே வேலை பார்த்தவர். ஹட் பேயிலிருந்து படகும் காட்டு நடையுமாகப் போக வேண்டிய இடம். கடல் வந்தபோது ஓங்கேக்கள் நீர் பின்வாங்கியதைப் பார்த்ததுமே காட்டுக்குள் ஏறித் தப்பினார்கள். அவரும் அவர்களோடு இருந்தார். சுனாமிக்குப் பிறகும் மாற்றல் வாங்கிக்கொண்டு ஓடிவிடவில்லை. 2011இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மாற்றல் உத்தரவு வந்த அன்றே பெட்டி கட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். தொலைதூரத் தீவில் குழந்தையைப் படிக்கவைக்க முடியாத கஷ்டம் அவர்களுக்கும் இருக்கும். ஆனாலும் ஒருவர் இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை அந்த அம்மா காட்டினார். பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்திருந்தது.

கொரோனாவிலும் இதைத்தான் கண்டோம். 2020 ஆகஸ்டில் பெரிய அந்தமானியர்களில் பத்துப் பேருக்குத் தொற்று என்ற செய்தி வந்தபோது உலகமே கவலைப்பட்டது. ஐம்பது சொச்சம் பேர்தான் அந்த இனமே! சுகாதார ஊழியர்கள் ஸ்ட்ரெய்ட் தீவுக்குப் படகேறிப் போய்ப் பரிசோதித்தார்கள். 2021 டிசம்பரில் இந்தத் தீவுகளில் தகுதியுள்ள எல்லோருக்கும் இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டாயிற்று என்று அறிவித்தார்கள். கடல் கடந்து, காடு கடந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன நர்ஸுகளின் வேலை அது. 177 நாடுகளை ஒப்பிட்டு 2022இல் லான்செட் இதழில் வந்த ஆய்வும், அரசின் மேலும் சக மனிதர் மேலும் நம்பிக்கை அதிகமாக இருந்த நாடுகளில் தொற்று குறைவு என்றே கண்டது.

இனி நம்மைப் பற்றி. பழங்குடிகளைப் பற்றிப் பேசிவிட்டுக் கைதட்டி எழுந்து போவது சுலபம். பஜாரிலும் ஜங்கிலிகாட்டிலும் டெலானிபூரிலும் வாழ்கிற நம் கதை என்ன?

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் தற்கொலைக் கணக்கு வெளியிடுகிறது. 2021இல் நாட்டிலேயே அதிக விகிதம் நம் தீவுகளில்: லட்சம் பேருக்கு 39.7. 2022இல் 42.8, சிக்கிமுக்கு அடுத்த இடம். அந்த ஆண்டு நாட்டின் சராசரி 12.4. சின்ன ஊர், நாலு பேர் கூடினாலும் விகிதம் ஏறிவிடும் என்று சமாதானம் சொல்லலாம். ஆண்டுதோறும் உயரத்திலேயே நிற்கிறதே, அதற்கு என்ன சமாதானம்? சுத்தமான காற்று, பச்சை மலை, நீலக் கடல். நாடே விடுமுறைக்கு வருகிற இடம். இங்கே வாழ்கிறவனுக்கு ஏன் வாழப் பிடிக்கவில்லை?

காரணம் ஒன்றுதான் என்று சொல்ல நான் துணிய மாட்டேன். குடி இருக்கிறது, கடன் இருக்கிறது, மனநோய்க்குச் சிகிச்சை எடுக்க வெட்கம் இருக்கிறது. ஆனால் என் கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோர் வேரோடு வந்தவர்கள் இல்லை. ராமநாதபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலைக்கு வந்தோம். கப்பலேறினால் சென்னைக்கு மூன்று நாள். தாய் இறந்தால்கூட முகம் பார்க்க முடியுமா என்பது டிக்கெட்டைப் பொறுத்தது. இப்படி வந்தவன் இங்கே யாரை நம்பி நிற்கிறான்?

பாத்து பஸ்தியில் ஒரு அறை. கட்டட வேலைக்கு வந்த நான்கு பேர். ஒருவருக்கு இருமல் நிற்காமல் பரிசோதித்ததில் காசநோய். ஆறு மாத மாத்திரை கொடுத்தார்கள். தெரிந்தால் அறையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் மாத்திரையைப் பவுடர் டப்பாவுக்குள் ஒளித்துவைத்தார். அறையில் ஆள் இருந்தால் டப்பாவைத் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அறையில் இருப்பார்கள். அன்றைக்கு மாத்திரை கிடையாது. மழை பெய்து வேலை இல்லாத நாளிலும் கிடையாது. காசநோய் மருந்தை விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். பிறகு அது அந்த நால்வரோடும் நிற்காது. மருந்து இலவசம். டாக்டர் நல்லவர். இல்லாமல் போனது வள்ளுவர் சொன்ன நான்காவது கூறு!

அந்தத் தெருமுனையில் ஓர் அக்கா இட்லிக் கடை போட்டிருந்தார். முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். இவர் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார். "அண்ணே, மாத்திரைய இங்க என்கிட்ட வச்சிடுங்க. காலைல இட்லிக்கு வரும்போது என் முன்னாடி போட்டுட்டுப் போங்க. யார்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன்." சொல்லவில்லை. ஆறு மாதமும் முடிந்தது. நோயாளி மருந்து விழுங்குவதை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும் என்று அரசு திட்டமே வைத்திருக்கிறது. அந்தத் திட்டத்தின் பெயர்கூட அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்காது.

நம்மிடம் இது இல்லாமல் இல்லை. ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஹிந்தியில் செய்தி ஓடும். தெலுங்குக்காரர் ஒருவர் ஆட்டோ பிடித்து வருவார், பெங்காலிக்காரர் ஒருவர் கை நீட்டிப் படுப்பார், ரத்தம் ஒரு தமிழ்ப் பெண்ணின் உடம்பில் ஏறும். வெற்றிமலை முருகன் கோயிலா, காளி கோயிலா, சர்ச்சா, மசூதியா என்று அந்தப் பாட்டிலில் எழுதியிருக்காது. இந்தத் தீவின் பெருமை என்று நான் நினைப்பது இதைத்தான். ஆனால் அது ஆபத்து நேரத்தில் மட்டும் விழிக்கிறது. மற்ற நாளில் லோக்கல்காரர் வேறு, மெயின்லேண்டுக்காரர் வேறு, நம் சாதிக்காரர் வேறு, சங்கத்து எதிர்கோஷ்டி வேறு. ஒரு பையன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு நாளாக வெளியே வரவில்லை என்றால், அடுத்த அறைக்காரன் என்ன சொல்கிறான்? "நமக்கெதுக்கு?"

நமக்கெதுக்கு என்று கேட்பதை விட்டுவிட்டுக் கதவைத் தட்டுங்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அங்கேயே உட்காருங்கள். 14416 என்ற எண்ணுக்கு இரவிலும் பகலிலும் இலவசமாகப் பேசலாம். டெலி மானஸ் என்று அதற்குப் பெயர், தமிழிலும் பேசலாம். அந்த எண்ணை அழுத்திப் போனை அவன் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.

சங்கங்களுக்கும் ஒன்று சொல்வேன். பொங்கலுக்கும் சித்திரைக்கும் மேடை போடுகிறோம், நல்லது. ஆனால் டிக்லிப்பூரிலிருந்தோ கேம்பெல் பேயிலிருந்தோ ஹெலிகாப்டரில் நோயாளியைக் கொண்டுவந்து இறக்கினால், கூட வந்த மனைவி கைக்குழந்தையோடு எங்கே படுப்பாள்? சென்னைக்கு ரெபர் பண்ணினால் ஏர்போர்ட்டில் யார் எதிர்கொள்வார்? நம்மில் எத்தனை பேருக்குச் சென்னையிலும் வேலூரிலும் உறவுகள் இருக்கிறார்கள்! அந்தப் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதிவைத்திருக்கிறோமா?

நான் இதைக் கேட்டுவிட்டு இறங்கப் போவதில்லை. வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, கோடு போட்ட பெரிய நோட்டு ஒன்றை வைத்திருக்கிறோம். பெயர், தெரு, ரத்தப் பிரிவு, இரவில் எடுக்கிற போன் நம்பர் என்று நான்கு பத்தி. ஐந்தாவது பத்தியில், வெளித்தீவிலிருந்து வருகிறவருக்கு ஓர் இரவு படுக்க இடம் தர முடியுமா என்று கேட்டிருக்கிறோம். முடியாதவர்கள் அதைக் காலியாக விடலாம், தவறில்லை. கடைசிப் பக்கங்களில் சென்னை, வேலூர், கொல்கத்தா என்று தனித்தனியாகத் தலைப்புப் போட்டிருக்கிறது. அங்கே இருக்கும் உங்கள் ஆட்களிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். பேனா இரண்டு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதித் தருவார்கள். வெளியே மழை கொட்டுகிறது; அது விடுவதற்குள் எல்லோரும் எழுதிவிடலாம்.